அடிமை நாட்டில் கலைஞன் கடன்

ஒரு நாட்டை மற்றொரு நாடு ஆளத் தொடங்கும்போது முதலில் கைமாறுவன கருவூலமும் படையும் நீதிமன்றமும் ஆகும். இவை கைமாறியதை எல்லாரும் அறிவர். சில ஆண்டுகள் சென்றபின் ஓசையின்றி மற்றொன்றும் கைமாறுகிறது. எது அழகு, எது அழகன்று என்று தீர்மானிக்கும் உரிமையே அது. தன் ஊர்க் கோயிற் சிற்பத்தைக் கண்டு பெருமைப்படுவதா, நாணுவதா என்பதைக்கூட ஆளுவோர் முகத்தைப் பார்த்தே முடிவு செய்யும் நிலை ஆளப்படுவோர்க்கு வந்துவிடுகிறது. இந்நிலையில் ஓர் ஓவியன், ஒரு சிற்பி என்ன செய்தல் வேண்டும்? ‘எங்களுக்கும் ஒரு தனித்தன்மை உண்டு, நாங்களும் ஒரு நாட்டார்’ என்று உலகிற்கு மெய்ப்பித்துக் காட்டுவது அவன் கடமையா? அன்றி, அவன் கடமை வேறொன்றா?

இவ்வினா வெறும் ஏட்டு வினா அன்று. ஆங்கிலேயர் ஆட்சியில் ஏறத்தாழ நூறாண்டுக் காலம் நம் நாட்டுக் கலைஞர்கள் இவ்வினாவோடு வாழ்ந்தனர். அவர்கள் கண்ட விடைகள் பலவாகும். அவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தால், ஒரு மக்கட் கூட்டம் தன்னைத் தான் அறிந்துகொள்வது எங்ஙனம் என்னும் அறவினாவிற்கும் சிறிது ஒளி கிடைக்கும்.

இகழ்ச்சியும் புகழ்ச்சியும்

சென்னையில் 1850 ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் ஓவியப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். கல்கத்தாவில் 1854 இலும், பம்பாயில் 1857 இலும், லாகூரில் 1875 இலும் இத்தகைய பள்ளிகள் தோன்றின. நம் கைத்தொழிலாளரின் திறமையை வளர்ப்பது இவற்றின் நோக்கங்களுள் ஒன்று. மேனாட்டு முறைப்படி அளவு பிசகாமல் வரையவும் வார்க்கவும் மாணவர்க்குக் கற்பித்தனர். கிரேக்கச் சிலைகளின் சுண்ணாம்பு வார்ப்புகளை முன்னே வைத்துப் பார்த்து வரைதல் அக்காலப் பயிற்சியின் ஒரு பகுதியாக இருந்தது.

ஆட்சியாளர்கள் நம்மவரின் கைத்திறனை மறுக்கவில்லை என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளல் வேண்டும். நெசவையும் உலோக வேலையையும் மரச் செதுக்கலையும் வியந்து பாராட்டினர்; 1851 ஆம் ஆண்டு இலண்டன் பெருங்கண்காட்சியில் அவற்றைக் காட்சிக்கு வைத்தனர். ஆயின், கை உண்டு என்றவர்களுட் பலர் கருத்து உண்டு என்று ஒப்பவில்லை. கைவினைஞன் உண்டு, கலைஞன் இல்லை என்பதே அவர்தம் துணிபு. இந்தியக் கலைப் பொருள்களைப் பற்றி நூல்கள் எழுதியவரும், இந்நாட்டுக் கைவினைகளை மிக விரும்பியவருமான ஜார்ஜ் பேர்ட்வுட், 1910 ஆம் ஆண்டில் இலண்டன் கலைக் கழகக் கூட்டம் ஒன்றில், ஜாவா நாட்டுப் புத்தர் திருவுருவம் ஒன்றன் படத்தைச் சுட்டி, அதனைக் கொழுப்பிட்டு அவித்த மாப்பண்டத்திற்கு ஒப்பிட்டார். தியானத்தில் ஒடுங்கிய முகத்தின் அமைதி, அவர் கண்ணுக்கு உணர்ச்சியற்ற மாவுருண்டையாகத் தோன்றியது. இலண்டனிலேயே இதற்கு எதிர்ப்பு எழுந்தது. இந்தியக் கலையைப் போற்றுவதற்கென ஒரு சங்கமும் அவ்வாண்டே அங்கு நிறுவப்பட்டது.

இகழ்ச்சியைப் போலவே புகழ்ச்சியும் ஒரு தளையாக அமைந்தது. தில்லியில் நிகழ்ந்த முடிசூட்டு தர்பாரையொட்டி 1902 ஆம் ஆண்டின் இறுதியில் கர்சன் பிரபு ஒரு கலைக் கண்காட்சியைத் திறந்துவைத்தார். ஐரோப்பியச் சாயல் படிந்த பொருள் எதுவும் அங்கு இடம்பெறலாகாது என்பது அவர் விதித்த கட்டளை. மேலோட்டமாகப் பார்த்தால் இது நம் கலைக்குச் செய்த சிறப்பே. ஆனால் எது உண்மையான இந்தியப் பொருள் என்று தேர்ந்து முத்திரையிடும் அதிகாரம் எவரிடம் இருந்தது? ஆள்பவரிடமே இருந்தது. ‘நீ பழமையோடு இருக்கும்வரை அழகாய் இருக்கிறாய்’ என்பதும் ஓர் ஆணையே. இகழ்ச்சிக்கு அஞ்சித் தன்னை மாற்றிக்கொள்பவனும், புகழ்ச்சிக்கு மயங்கித் தன்னை மாற்றாமல் நிறுத்திக்கொள்பவனும் ஒரே முகத்தைப் பார்த்துத்தான் அவ்வாறு செய்கின்றனர்.

மூவர் கண்ட வழிகள்

கேரளத்துக் கிளிமானூரிற் பிறந்த இரவிவர்மா (1848–1906) ஆள்பவரின் கருவியையே எடுத்துக்கொண்டார். ஐரோப்பியரின் எண்ணெய் வண்ணத்தையும், ஒளி நிழல் காட்டும் முறையையும் கற்று, அவற்றால் சகுந்தலையையும் தமயந்தியையும் வரைந்தார். திருமகளையும் கலைமகளையும் வரைந்தார். 1873 இல் வியன்னாவிலும் 1893 இல் சிகாகோவிலும் அவருக்குப் பரிசுகள் கிடைத்தன. 1894 இல் பம்பாயில் ஓர் அச்சகம் நிறுவித் தம் ஓவியங்களை வண்ணப் படங்களாக அச்சிட்டு வெளியிட்டார். அவை நாடெங்கும் எளியோர் வீட்டுச் சுவர்களை அடைந்தன. மொழியால் வேறுபட்ட மக்கள் ஒரே முகத்தைப் பார்த்து, ‘இவள் எங்கள் கலைமகள்’ என்று கைகூப்பினர். பிற்கால நாட்டுப்பற்றாளர் சிலர், இவர் கலை மேனாட்டு வேடம் பூண்டது என்று கடிந்துரைத்தனர். அக்கடிதலில் உண்மை இல்லாமல் இல்லை. எனினும் மக்கள் அப்படங்களைத் தம்முடையனவாக ஏற்றுக்கொண்டனர் என்பதும் உண்மையே.

இரண்டாம் வழியைக் காட்டியவர் ஓர் ஆங்கிலேயர் என்பது வியப்பிற்குரியது. ஈ.பி. ஹாவெல் 1884 இல் சென்னை ஓவியப் பள்ளியின் பொறுப்பேற்றுத் தென்னாட்டுக் கைத்தொழில்களை ஆராய்ந்தவர். 1896 இல் கல்கத்தா ஓவியப் பள்ளியின் தலைவரானார். அங்கிருந்த ஐரோப்பிய ஓவியப் படிகளை அகற்றினார். முகலாய ஓவியங்களையும் பிற இந்திய ஓவியங்களையும் வாங்கிச் சேர்த்தார். இதனை எதிர்த்தவர்கள் யாவர்? வங்காள மாணவர்களும் வங்காளச் செய்தித்தாள்களுமே எதிர்த்தனர். மேனாட்டுக் கலையின் உயர்ந்த பயிற்சி தங்களுக்குக் கிட்டாமற் செய்யும் சூழ்ச்சி இது என்று அவர்கள் ஐயுற்றனர். அவர்களைப் பேதையர் என்று நாம் எளிதில் தள்ளிவிடலாகாது. ‘உனக்குப் பழமை போதும், புதுமை எனக்கு’ என்று ஆள்பவர் கூறுவதாக அவர்கள் செவியில் விழுந்திருத்தல் கூடும். நல்லெண்ணத்தோடு சொன்ன சொல்லும் அதிகார பீடத்திலிருந்து வரும்போது ஆணையாக ஒலிக்கின்றது.

மூன்றாமவர் அவனீந்திரநாத் தாகூர். ஹாவெலின் துணையால் பழைய இந்திய ஓவியங்களைக் கற்றவர். 1905 ஆம் ஆண்டில் வங்காளத்தைக் கர்சன் பிரபு இரண்டாகப் பிரித்தபோது நாடு கொதித்தெழுந்தது. அவ்வாண்டில் அவனீந்திரநாத் வரைந்ததே ‘பாரத மாதா’ என்னும் சிறிய நீர்வண்ண ஓவியம். காவியுடுத்த ஓர் இளம்பெண்; நான்கு கைகள்; அவற்றில் ஏடு, நெற்கதிர், வெண்டுகில், செபமாலை. வாளும் இல்லை, வேலும் இல்லை. கல்வி, உணவு, உடை, ஆன்மிகம் ஆகிய நான்கையும் தருபவளாக நாட்டை அவர் உருவகித்தார். முதலில் வங்க மாதாவாக எண்ணப்பட்டவள் பின்னர்ப் பாரத மாதாவானாள்.

நம் நாட்டின் தனித்தன்மைக்கு அடையாளமாகிய இவ்வோவியத்தில், நிறம் கசிந்து மூடுபனிபோற் படரும் முறை ஜப்பானிய ஓவியர்களிடமிருந்து வந்தது. 1903 இல் கல்கத்தாவுக்கு வந்த யோகோயாமா தைக்கான், ஹிஷிதா ஷுன்சோ ஆகிய இருவரோடும் பழகி அவனீந்திரநாத் அதனை அறிந்துகொண்டார். ஆங்கிலேயரின் ஊக்கமும் ஜப்பானியரின் நுட்பமும் முகலாயரின் நுண்மையும் கலந்தே இந்திய ஓவியம் பிறந்தது. இதனைக் குறையாகச் சொல்லவில்லை. தூய்மையான தனித்தன்மை என்று நாம் பேசுவது எத்துணைக் கலப்பால் ஆயது என்பதை உணரவே இதனைக் கூறுகின்றேன்.

இக்காலத்திலேயே நம் கலைக்காக வாதாடிய மற்றொரு பெரியார் ஆனந்த குமாரசுவாமி. கொழும்பில் 1877 இல் தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்தவர். இடைக்காலச் சிங்களக் கலை பற்றி 1908 இல் அவர் எழுதிய நூல் புகழ் பெற்றது. பின்னாளில் அமெரிக்காவின் பாஸ்டன் நகர அருங்காட்சியகத்தில் பணியாற்றியபோது, அங்குள்ள சமண ஓவியங்களுக்கும் ஏட்டுச் சுவடிகளுக்கும் விரிவான விளக்கப் பட்டியல் ஒன்றை 1924 இல் வெளியிட்டார். கற்பசூத்திர ஏடுகளின் ஓவியங்களை உலகம் கலையாகக் கண்டு படிப்பதற்கு அப்பட்டியல் பெருந்துணை புரிந்தது என்பது நம்மவர் அறியத் தக்க செய்தி.

மெய்ப்பித்தல் போதுமா?

இதுவரை கூறியவற்றுள் ஒரு பொதுத்தன்மை உண்டு. இவை யாவும் ஒருவகையில் விடைகள். ‘உங்களுக்குக் கலை இல்லை’ என்று ஆள்பவர் கூற, ‘உண்டு, காண்க’ என்று ஆளப்படுவோர் காட்டினர். அந்த விடை அன்று மிகவும் தேவைப்பட்டது. இதனை நான் ஐயத்திற்கு இடமின்றி ஒப்புக்கொள்கின்றேன். ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் பல ஆண்டுகள் பணியாற்றியவள் என்னும் முறையில் ஒன்று சொல்வேன். ‘உனக்குப் படிப்பு வராது’ என்று பலராலும் சொல்லப்பட்ட பிள்ளைக்கு முதலில் வேண்டுவது தன்னம்பிக்கை. அதனைத் தராமல் எந்தப் பாடத்தையும் அப்பிள்ளைக்குக் கற்பிக்க இயலாது. ஆனால் அப்பிள்ளை காலமெல்லாம் ஆசிரியரின் முகத்தைப் பார்த்தே விடை சொல்லுமாயின், அது கணக்கைக் கற்கவில்லை; ஆசிரியரின் முகக்குறிப்பைக் கற்றிருக்கிறது. ஆசிரியர் அறையில் இல்லாதபோதும் கணக்கின்மேல் கண் வைக்கும் நாளே அப்பிள்ளையின் கல்வி தொடங்கும் நாள்.

நாட்டிற்கும் இது பொருந்தும். ஆள்பவருக்கு மறுமொழி சொல்வதற்காகவே நாம் நம் முகத்தை எழுதிக்கொள்வோமாயின், அம்முகத்தின் ஒவ்வொரு கோடும் அவர் கேட்ட கேள்விக்கு ஏற்பவே வளையும். அவர் ‘உலகியல்’ என்றால் நாம் ‘ஆன்மிகம்’ என்போம். அவர் ‘புதுமை’ என்றால் நாம் ‘பழமை’ என்போம். அவர் போனபின்னும் அந்த எதிரொலி நம்மை விடாது.

இந்த ஆபத்தை முதலில் உணர்ந்தவர்களுள் ஒருவர் இரவீந்திரநாத் தாகூர். 1905 இல் வங்கப் பிரிவினையை எதிர்த்து, இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருவர்க்கொருவர் காப்புக் கயிறு கட்டும் இயக்கத்தை நடத்தியவர் அவர். ஆயினும் சுதேசி இயக்கத்திற் புகுந்த கட்டாயத்தையும் பகைமையையும் கண்டு விலகினார். 1916 இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் நாட்டுவெறியைக் கண்டித்து உரையாற்றினார். தம் நாடு அடிமைப்பட்டிருக்கும்போதே இவ்வாறு பேசுவதற்குத் துணிவு வேண்டும். நாட்டுப்பற்றில் குறைந்தவர் என்று அவரைக் கூற இயலாது. ஜாலியன்வாலா பாக் கொடுமையைக் கண்டித்து 1919 இல் ‘சர்’ பட்டத்தைத் துறந்தவர் அவரே. இந்தியக் கலை என்று பெயர் சூட்டத்தக்க ஒன்றைச் செய்தே தீரவேண்டும் என்னும் கட்டாயத்தைக் கலைஞர்கள் ஏற்கலாகாது என்றும் அவர் வற்புறுத்தினார். அறுபது வயதைக் கடந்தபின் தாமே தூரிகையை எடுத்தார். 1930 இல் பாரிசில் காட்சிக்கு வைக்கப்பட்ட அவர் ஓவியங்களில் அஜந்தாவும் இல்லை, புராணமும் இல்லை. பெயரில்லாத முகங்களும் விந்தையான விலங்குகளுமே இருந்தன.

பாரத மாதா ஓவியத்தைப் பற்றியும் ஒரு வினா எழுகின்றது. நாட்டை நான்கு கைத் தெய்வமாக எழுதும்போது, அவ்வடிவை வணங்கும் மரபினர் உள்ளம் உருகுகின்றனர். அம்மரபைச் சாராதோர் என்ன செய்வர்? அவர்களும் இம்மண்ணின் மக்களே. வரைந்தவர் உள்ளத்தில் எவரையும் விலக்கும் எண்ணம் இருந்ததென நான் கருதவில்லை. ஆயின் ஒரு வடிவத்தைத் தேர்ந்தவுடன், அவ்வடிவத்திற்கு வெளியே சிலர் நின்றுவிடுவர். நாட்டின் முகம் எழுதுவோர் மறவாதிருக்க வேண்டிய அறம் இது.

நாட்டின் முகம் எது?

அவனீந்திரநாத்தின் மாணவர் நந்தலால் போஸ் இதற்கு ஒரு விடை கண்டார். 1938 இல் குஜராத்தில் ஹரிபுரா என்னும் சிற்றூரில், சுபாஷ் சந்திர போஸ் தலைமையில் காங்கிரஸ் மாநாடு கூடியது. காந்தியடிகளின் விருப்பப்படி நந்தலால் அம்மாநாட்டிற்கு ஓவியங்கள் தீட்டினார். எளிய தாளும் மண்வண்ணங்களுமே அவர் கருவிகள். அவற்றுட் பெரும்பாலானவை காட்டியவை மேளம் அடிப்பவர், பஞ்சு கொட்டுபவர், வீட்டு வேலை செய்யும் பெண்கள் முதலிய நாட்டுப்புற மக்களையே. அவை கண்காட்சிக் கூடத்திற்காக வரையப்பட்டவை அல்ல. மாட்டு வண்டியில் வந்திறங்கும் உழவரும் வழியில் நின்று பார்க்கவே வைக்கப்பட்டன. ‘நாடு எங்கே?’ என்று தேடிய கண்ணுக்கு, ‘நீயே அது’ என்று அவை கூறின. இங்கே கலைஞன் ஆள்பவரைப் பார்த்துப் பேசவில்லை. தன் மக்களைப் பார்த்துப் பேசினான்.

ஐந்தாண்டுகள் கழித்து, 1943 இல் வங்காளத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. மாண்டவர் முப்பது லட்சம் வரை இருக்கலாம் என்று கணக்கிடுவர். போர்க்கால ஆட்சியின் கொள்கைகளும் புறக்கணிப்பும் அதற்குப் பெருங்காரணங்கள் என்று வரலாற்றறிஞர் பலர் கூறுவர். கல்கத்தாத் தெருக்களில் கஞ்சிக்கு ஏங்கி மக்கள் விழுந்து இறந்தனர். அந்நாளில் ஜைனுல் ஆபெதீன் என்னும் இளம் ஓவியர் அத்தெருக்களில் நடந்தார். ஒருகாலத்தில் ஹாவெல் தலைமை வகித்த அதே ஓவியப் பள்ளியில் பயின்றவர் அவர். நல்ல தாள் வாங்க வழியில்லை. பொருள்களைச் சுற்றும் மலிவான தாளில், கருமை ஒன்றையே குழைத்துத் தூரிகையால் வரைந்தார். எலும்பாய்க் கிடக்கும் தாய், அருகே குழந்தை, காத்திருக்கும் காகம். அப்படங்களில் கொடியும் இல்லை, தெய்வமும் இல்லை. தனித்தன்மையை மெய்ப்பிக்கும் முயற்சி ஒரு கோட்டிலும் இல்லை. பசித்தவனைப் பசித்தவனாகவே காட்டினார். ஓவியர் சித்தப்பிரசாத்தும் மேதினிப்பூர் மாவட்டத்திற் சுற்றிப் பஞ்சத்தை வரைந்து, ‘பசித்த வங்காளம்’ என்று பொருள்படும் சிறு நூலாக வெளியிட்டார். அரசு அதன் படிகளைக் கைப்பற்றி எரித்தது.

இதனை ஊன்றி எண்ணுதல் வேண்டும். ‘எங்கள் கலை பழமையானது, ஆன்மிகமானது’ என்று மெய்ப்பித்த ஓவியங்களைப் பேரரசு பொறுத்துக்கொண்டது. சில வேளை விருதும் அளித்தது. செத்துக்கொண்டிருந்த ஒரு மனிதனை உள்ளவாறு காட்டிய கோடுகளை அதனால் பொறுக்க முடியவில்லை. பேரரசிற்கு எதிரான வலிமையான சாட்சியமும், அம்மக்களின் உண்மையான முகமும் ஒரே தாளில் அமைந்தன. அயலார் மதிப்பைத் தேடாத இடத்திலேயே அவை அமைந்தன.

நாட்டுப் பிரிவினைக்குப் பின் ஜைனுல் ஆபெதீன் டாக்கா சென்று, 1948 இல் அங்கு ஓவியப் பள்ளி ஒன்றை நிறுவினார். அந்நிலம் முதலில் பாகிஸ்தானாகவும், 1971 முதல் வங்காளதேசமாகவும் ஆயிற்று. அவர் வரைந்த பஞ்சப் படங்கள் எந்த நாட்டின் கலை? எல்லைக்கோடு இருமுறை மாறியும் அப்படங்களின் உண்மை மாறவில்லை. பார்ப்போர் எந்நாட்டினராயினும் அத்தாயின்முன் தலை குனிகின்றனர்.

நம் கடற்கரையில்

நம் சென்னையிலும் இதற்கொரு சான்று உண்டு. அவனீந்திரநாத்தின் மாணவர்களுள் ஒருவரான தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1929 இல் சென்னை ஓவியப் பள்ளியின் பொறுப்பேற்று நெடுங்காலம் நடத்தினார். மெரினாக் கடற்கரையில் 1959 இல் நிறுவப்பெற்ற உழைப்பாளர் சிலை அவர் வடித்தது. நான்கு மனிதர்கள் ஒரு பாறையை நெம்பி நகர்த்துகின்றனர். உடல் தசையை உள்ளபடி காட்டும் அந்த வார்ப்பு முறை மேனாட்டுச் சிற்பக் கலையைச் சார்ந்தது. சிற்பியோ வங்காளத்தவர். நம்மவருள் எவரேனும் அச்சிலையை அயலானது என்று கருதுகின்றனரா? அந்த முதுகுகளையும் தோள்களையும் நாம் அறிவோம். துறைமுகத்திலும் கல் உடைக்கும் இடங்களிலும் கண்டிருக்கிறோம். அதனாலேயே அது நம்முடையதாயிற்று.

ஆகவே தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு என் சிற்றறிவிற்கு எட்டிய விடை இது. இழிவுபடுத்தப்பட்ட மக்களுக்குத் தம் முன்னோர் பெருமையை நினைவூட்டுதல் கலைஞனின் முதற்கடன். அதனைச் செய்த பெரியோர்க்கு நாம் நன்றியுடையோம். ஆயின் அது வாயிற்படியே, வீடு அன்று. பெருமையை மெய்ப்பிப்பதோடு நின்றுவிட்ட கலை, இகழ்ந்தவரை என்றும் நடுவராக அமர்த்தி வைக்கிறது. கலைஞனின் முடிந்த கடன், தன் பக்கத்தில் வாழ்வோரை, அவர்தம் உழைப்பை, பசியை, மகிழ்ச்சியை உள்ளவாறு காணுதலே. கருவியும் நுட்பமும் எங்கிருந்து வந்தாலும் தாழ்வில்லை. பார்வை பொய்யாகாதிருந்தாற் போதும்.

ஆங்கிலேயர் சென்று எழுபது ஆண்டுகளுக்கு மேலாயின. இன்றும் நம் இல்லங்களில் ஒரு பிள்ளை படம் வரைந்து கொண்டுவந்து காட்டினால், ‘இதற்குப் பரிசு கிடைக்குமா?’ என்றே பலர் கேட்கின்றனர். அயல்நாட்டார் மெச்சிய பின்னரே நம் ஊர்ச் சிற்பத்தை நாம் திரும்பிப் பார்க்கிறோம். இவ்வழக்கத்தை விடுவோம். ‘யாரை வரைந்தாய்? எங்கே கண்டாய்? நன்றாகப் பார்த்தாயா?’ என்று அப்பிள்ளையைக் கேட்போம். தன் தெருவை நேர்மையாகப் பார்க்கக் கற்ற பிள்ளைக்கு நாட்டின் முகத்தைத் தனியே யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.